சீரற்ற இதயத்துடிப்பா? சாப்பாட்டிலும் சத்து மாத்திரையிலும் எதைத் தவிர்ப்பது?

"காப்பியை விட்டுட்டேன், கீரையை விட்டுட்டேன், வாழைப்பழத்தையும் விட்டுட்டேன். இனி என்னதான் சாப்பிடுறது?"

சீரற்ற இதயத்துடிப்பு இருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகு பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. அக்கம்பக்கத்தார் ஒன்று சொல்வார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறொன்று வரும். சீன மருந்துக்கடையிலும் நாட்டு மருந்துக்கடையிலும் ஆளுக்கொரு யோசனை கிடைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. பயந்து விலக்கும் பொருள்களில் சில பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாதவை. 'இயற்கையானதுதானே' என்று தைரியமாகச் சாப்பிடும் சில பொருள்களோ உண்மையிலேயே ஆபத்தானவை.

எது எது என்று பார்ப்போம்.

முதலில்... சீரற்ற இதயத்துடிப்பு என்றால் என்ன?

ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களின் இதயம் பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். துடிப்பை இயக்குவது இதயத்தில் உருவாகும் மின் சமிக்ஞை. அதில் குளறுபடி ஏற்பட்டால் துடிப்பு வேகமாகலாம், மெதுவாகலாம், தாளம் தவறலாம்.

நீடிக்கும் வகைகளில் ஆக அதிகம் காணப்படுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கும். அப்போது ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாக உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இந்தப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு அதிகம்.

அதனால்தான் அவர்களில் பலருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்படுகிறது. துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து வேறு.

சாப்பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மூன்று வழிகளில் சம்பந்தம் உண்டு:

- சில பொருள்கள் இதயத்தை நேரடியாகத் தூண்டிவிடும்.
- சில பொருள்கள் ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவை மாற்றிவிடும். இதயத்தின் மின்னோட்டம் அவற்றை நம்பியே இயங்குகிறது.
- சில பொருள்கள் நீங்கள் சாப்பிடும் மருந்தோடு மோதும். மருந்தின் வேகம் கூடும் அல்லது குறையும்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாமல் நடப்பது. எனவே 'நான் இதைச் சாப்பிடலாமா?' என்பதற்கு எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. உங்கள் மருந்து என்ன, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தே பதில் அமையும்.

காப்பி குடிக்கலாமா, கூடாதா?

பெரும்பாலோர் அளவோடு குடிக்கலாம்.

காப்பி குடித்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் என்பது நெடுநாள் நம்பிக்கை. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. 2025ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்ற 200 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தினமும் ஒரு கோப்பை காப்பியாவது குடித்தனர். மற்றவர்கள் காப்பியை அறவே நிறுத்தினர். 6 மாதம் கழித்துப் பார்த்தபோது பிரச்சினை திரும்பியது காப்பி குடித்தவர்களில்தான் குறைவு.

அதற்காக இதுவரை குடிக்காதவர்கள் மருந்துபோலக் குடிக்க ஆரம்பிக்க வேண்டியதில்லை. எல்லாருடைய உடலும் ஒன்றில்லை. காப்பி குடித்த சிறிது நேரத்தில் நெஞ்சு படபடத்தால் உங்களுக்கு அது ஒத்துவரவில்லை என்று பொருள். குறைத்துக்கொள்ளுங்கள்.

நம் காப்பிக்கடைக் காப்பி பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டையில் தயாராவது. அராபிக்கா வகையைவிட அதில் காஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு. காலையில் ஒன்று, 10 மணிக்கு ஒன்று, மாலையில் ஒரு தே தாரிக் என்று போனால் கணக்கு ஏறிவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே நாளுக்கு 400 மில்லிகிராம் காஃபீனுக்கு மேல் வேண்டாம் என்பது பரவலான பரிந்துரை. சீனியையும் பாலையும் மறந்துவிட வேண்டாம். உடல் எடை கூடினால் இதயத்துடிப்புப் பிரச்சினையும் மோசமாகும்.

அப்படியென்றால் 'எனர்ஜி' பானம்?

அது வேறு கதை. 250 மில்லிலிட்டர் டின் ஒன்றில் சுமார் 80 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். பெரிய டின்களில் அதைவிட அதிகம். கூடவே டாரின், குவாரனா போன்றவையும் சேர்க்கப்படுவதுண்டு. குவாரனாவிலும் காஃபீன்தான் இருக்கிறது. எனர்ஜி பானம் குடித்த சில மணி நேரத்தில் இதயத்தின் மின்னோட்டப் பதிவில் மாற்றம் தெரிவது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

உடற்பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் தூள்களும் இதே ரகம். சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவர்கள் இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

மதுபானம்?

இதில் சந்தேகமே வேண்டாம். குறைப்பது நல்லது, நிறுத்துவது இன்னும் நல்லது.

'ஹாலிடே ஹார்ட்' என்று மருத்துவ உலகில் ஒரு சொல் உண்டு. வார இறுதியிலோ பண்டிகை விடுமுறையிலோ அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, தாளம் தவறிய இதயத்துடன் மருத்துவமனைக்கு வருவோரைப் பார்த்து 1978இல் வைத்த பெயர். தீபாவளி நீண்ட வார இறுதிக்கும் அது பொருந்தும்.

ஆஸ்திரேலியாவில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 140 பேரிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. வழக்கம்போல் குடித்தவர்களில் 73 விழுக்காட்டினருக்குப் பிரச்சினை திரும்பியது. குடியை நிறுத்தச் சொல்லப்பட்டவர்களில் அது 53 விழுக்காடு. ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகச் சாப்பிடாமல் கிடைத்த பலன் இது.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுவோர் மது அருந்தினால் ரத்தக்கசிவு அபாயமும் கூடும்.

"கீரை சாப்பிடக் கூடாதாமே?"

ஆக அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

வார்ஃபரின் மருந்து, ரத்தத்தை உறையவைக்கும் வைட்டமின் கே சத்தைத் தடுத்து வேலை செய்கிறது. கீரை, முருங்கைக்கீரை, கைலான், புரோக்கோலி போன்ற பச்சைக் காய்கறிகளில் வைட்டமின் கே அதிகம். திடீரென்று நிறையச் சாப்பிட்டால் வார்ஃபரினின் பலம் குறையும், ரத்தம் உறையலாம். திடீரென்று நிறுத்தினால் பலம் கூடும், ரத்தம் கசியலாம்.

ஆகவே கீரையை நிறுத்தாதீங்க. அளவை மாத்தாதீங்க. அவ்வளவுதான். வாரத்துக்கு மூன்று நாள் கீரை சாப்பிடுபவர் அப்படியே தொடரலாம். அதற்கேற்ப, ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் மருந்தின் அளவைச் சரிசெய்வார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள பெரும்பாலோருக்கு ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் இடையில் இருக்கவேண்டும்.

கவனிக்க வேண்டியவை, செறிவாகக் கிடைக்கும் பொருள்கள்: முருங்கை இலைத் தூள், 'கிரீன்ஸ்' பவுடர், பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரை. பேரங்காடிகளில் கிடைக்கும் ஜப்பானிய நாட்டோவில் வைட்டமின் கே மிக அதிகம். வார்ஃபரின் சாப்பிடுவோர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அப்பிக்ஸபான், ரிவரோக்ஸபான், டபிகட்ரான், எடோக்ஸபான் ஆகிய புதிய மருந்துகளைச் சாப்பிடுவோருக்கு இந்தக் கீரைக் கணக்கு கிடையாது. ரிவரோக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை மட்டும் உணவோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் உடல் மருந்தைச் சரியாக உறிஞ்சாது.

விரதம் இருக்கலாமா?

தைப்பூசத்துக்கு வாரக்கணக்கில் விரதம். புரட்டாசியில் ஒரு மாதம் சைவம். பலருக்கு அது விடமுடியாத வழக்கம்.

ஆனால் சாப்பாடு மாறினால் வார்ஃபரினின் வேகமும் மாறும். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டால் மருந்து நேரம் குழம்பும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடந்தால் உடலில் நீர்ச்சத்தும் உப்புகளும் குறைந்து துடிப்பு தாறுமாறாகலாம்.

விரதம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்து நேரத்தையும் ரத்தப் பரிசோதனையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும். நீங்களாகவே மருந்தை நிறுத்த மட்டும் வேண்டாம்.

பம்பளிமாஸ் பழத்தில் என்ன பிரச்சினை?

சீனப் புத்தாண்டு நேரத்தில் எங்கு பார்த்தாலும் பம்பளிமாஸ். அதிலும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட் பழத்திலும் உள்ள ஒரு வகை வேதிப்பொருள், குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடும். விளைவு? ஒரு மாத்திரை சாப்பிட்டாலும் கூடுதலாகச் சாப்பிட்டதைப்போல மருந்து ரத்தத்தில் சேரும்.

இதயத்துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், ட்ரோனடரோன், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், சில ரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை பாதிக்கப்படும். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துச் சாப்பிட்டாலும் பிரச்சினை தீராது. அந்தத் தாக்கம் ஒரு நாளுக்கு மேல்கூட நீடிக்கும். உங்கள் மருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

இருமலுக்கு அதிமதுரம்...

தொண்டை கரகரத்தால் அதிமதுரக் கஷாயம். நம் வீடுகளில் சாதாரணம். சீன மருத்துவத்திலும் 'கான் சாவ்' என்ற பெயரில் பல கலவைகளில் அது சேர்கிறது.

அதிமதுரத்தில் உள்ள கிளிசரைசின் எனும் பொருள் உடலிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பு தடுமாறும். 40 வயதைத் தாண்டியவர்கள் தினமும் சுமார் 57 கிராம் அதிமதுர மிட்டாயை இரண்டு வாரம் சாப்பிட்டாலே சீரற்ற துடிப்புடன் மருத்துவமனையில் சேர நேரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது.

டிஜாக்சின் சாப்பிடுவோரும் சிறுநீர் போக்கும் மாத்திரை சாப்பிடுவோரும் அதிமதுரத்தைத் தவிர்க்கவேண்டும். மற்ற இதய நோயாளிகளும் தொடர்ந்து சாப்பிடாமல் இருப்பது நல்லது.

பொட்டாசியம் நல்லதா, கெட்டதா?

குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

சிறுநீரகம் நன்றாக இருந்தால் வாழைப்பழம், இளநீர், டுரியான் எல்லாம் அளவோடு சாப்பிடலாம். அதிகமாகச் சேரும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் சில மருந்துகளைச் சாப்பிடுவோருக்கும் அது நடக்காது. எனலாப்ரில், லோசார்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்றவை அத்தகைய மருந்துகள்.

100 கிராம் டுரியானில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலும் ஏறக்குறைய அதே அளவு. டுரியான் பருவத்தில் யாரும் 100 கிராமோடு எழுந்திருப்பதில்லை என்பதுதான் சிக்கல்!

இன்னொன்று சோடியம் குறைந்த உப்பு. சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. பெரும்பாலோருக்கு அது நல்ல மாற்று. மேலே சொன்ன இரு தரப்பினரும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறக்கூடாது. வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகப் பிரச்சினை என்றால் சமையலறையில் உப்பை மாற்றுவதற்கு முன் அதை நினைவில் வையுங்கள்.

மீன் எண்ணெய் இதயத்துக்கு நல்லதுதானே?

மீன் சாப்பிடுவது நல்லது. மீன் எண்ணெய் மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் பொறுங்க.

ஒமேகா-3 மாத்திரைகளைப் பற்றிய பெரிய ஆய்வுகளில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரியவந்தது: அளவு கூடக்கூட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் அபாயமும் கூடுகிறது. நாளுக்கு 4 கிராம் எடுத்துக்கொண்டோரிடம் அது ஆக அதிகம். மருத்துவர் பரிந்துரைக்கும் ஒமேகா-3 மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைச் சேர்க்க ஐரோப்பிய மருந்து அமைப்பு முடிவெடுத்தது.

இதயத்துக்கு நல்லது என்று நினைத்து நீங்களாகவே வாங்கிச் சாப்பிடுவதாக இருந்தால் அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்தது என்றால் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மூலிகை என்றால் பயமில்லையா?

இயற்கையில் கிடைப்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. இவற்றில் கவனம் தேவை:

- நாபி வேர்: சித்த மருத்துவத்தில் வச்சநாபி, சீன மருத்துவத்தில் 'ஃபு சி', 'சுவான் வு'. மூட்டுவலிக்குக் கொடுக்கப்படுவதுண்டு. சரியாகச் சுத்தி செய்யாவிட்டால் நஞ்சு. உயிரைப் பறிக்கும் அளவுக்கு இதயத்துடிப்பைக் குலைக்கும்.
- மா ஹுவாங்: இதில் உள்ள எபிட்ரின் இதயத்தை வேகமாக ஓட்டும். எபிட்ரா கலந்த சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004இல் தடைசெய்தது.
- தாங் குவே, தான் ஷென், ஜின்செங், கிங்கோ: வார்ஃபரின் போன்ற மருந்துகளோடு மோதக்கூடியவை. மூலிகை சூப்பிலும் மூலிகை பாக் குட் தேயிலும் தாங் குவே சேர்வதுண்டு.
- செயின்ட் ஜான்ஸ் வோர்ட்: மனச்சோர்வுக்கு விற்கப்படும் மூலிகை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளின் பலத்தையும் டிஜாக்சினின் பலத்தையும் குறைத்துவிடும்.
- மஞ்சள், பூண்டு மாத்திரைகள்: குழம்பில் போடும் மஞ்சளால் பிரச்சினை இல்லை. செறிவூட்டிய மாத்திரைகள் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம்.

உடல் இளைக்கும் மாத்திரைகள், தேநீர்கள்

இவற்றை வாங்கவே வேண்டாம். இணையத்தில் விற்கப்படும் சில இளைப்புப் பொருள்களில் சிபூட்ரமின் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010இல் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட மருந்து அது.

இளைப்புத் தேநீர் பலவற்றில் நிலவாகை இலை இருக்கும். அது பேதி மருந்து. தினமும் குடித்தால் பொட்டாசியம் இறங்கிவிடும்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளை விற்க ஆணையத்திடம் முன்அனுமதி பெறத் தேவையில்லை. பாதுகாப்பானதை விற்கும் பொறுப்பு விற்பனையாளருடையது. கடையில் கிடைக்கிறது என்பதாலேயே அது உங்களுக்கு ஏற்றதென்று ஆகிவிடாது.

சளி, மூக்கடைப்பு மாத்திரைகளிலும் கவனம் தேவை. சிலவற்றில் உள்ள சூடோஎபிட்ரின் இதயத்துடிப்பை வேகப்படுத்தும். வாங்கும்போதே உங்கள் இதயப் பிரச்சினையை மருந்தாளரிடம் சொல்லுங்கள்.

"டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரே..."

நாட்டு மருந்து சாப்பிடுவதைப் பலர் மறைப்பதற்குக் காரணம் இந்தப் பயம்தான். 'வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்று மருத்துவர் கேட்டால் 'இல்லை' என்று தலையாட்டிவிடுகிறோம். கஷாயமும் சத்து மாத்திரையும் நம் கணக்கில் மருந்தே இல்லை.

மறைத்தால் என்ன ஆகும்? ஐஎன்ஆர் அளவு ஏன் ஏறி இறங்குகிறது என்று மருத்துவருக்குப் புரியாது. தெரியாமலேயே வார்ஃபரினின் அளவைக் கூட்டுவார். நீங்கள் மூலிகையை நிறுத்திய அடுத்த வாரம் ரத்தக்கசிவு ஏற்படலாம்.

எளிய வழி இது:

- பலதுறை மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை, தூள், தைலம், லேகியப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.
- முடியாவிட்டால் அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
- புதிதாக எதையும் தொடங்கும் முன் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.
- படபடப்பு வந்தால் நேரம், அதற்குமுன் சாப்பிட்டது, குடித்தது ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். சில வாரத்தில் உங்களுக்கு ஒத்துவராதது எது என்று தெரிந்துவிடும்.

எப்போது 995ஐ அழைக்கவேண்டும்?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றோடு படபடப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை மட்டும் தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 995. 'கொஞ்சம் படுத்தால் சரியாயிடும்' என்று விடும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு இழப்பு.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுவோர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

அப்போ, என்னதான் சாப்பிடுறது?

வீட்டுச் சாப்பாடுதான். சோறு, பருப்பு, மீன், வழக்கமான அளவில் கீரை, ஒத்துக்கொண்டால் காலையில் ஒரு காப்பி. உப்பு, சீனி, எண்ணெய் குறைவாக. வயிறு முட்டச் சாப்பிடாமல் அளவோடு.

விலக்கவேண்டிய பட்டியலில் முதலில் வருபவை மதுபானம், எனர்ஜி பானம், இளைப்பு மாத்திரை, யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய புட்டி. கீரைக்கும் காப்பிக்கும் பயந்தவர்கள் முதலில் மருந்து அலமாரியைத் திறந்து பாருங்கள்.

*இது பொதுவான தகவல். உங்கள் மருந்தையோ உணவையோ மாற்றுவதற்கு முன் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ ஆலோசனை கேளுங்கள்.*